ஆண்ட்ராய்டு அகராதிச் செயலியை ஐபோனுக்குக் கொண்டுபோவது எப்படி?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் தமிழ்–ஆங்கில அகராதிச் செயலி ஆறு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஜாவாவில் எழுதியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இருக்கின்றன. வேலை செய்வது இரண்டே பேர். இதை ஐபோனுக்குக் கொண்டுவர வேண்டும். தானாக மாற்றித் தரும் கருவி இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு தளங்களுக்கும் ஒரே நிரலாக எழுத உதவும் ஃப்ளட்டரில் முதலிலிருந்து எழுதிவிடலாமா? எவ்வளவு காலம் பிடிக்கும்?"

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: முழுச் செயலியையும் தானாக மாற்றித் தரும் கருவி இல்லை. அதற்கு முயன்றவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். ஜாவா நிரலை ஐபோனில் ஓடும் ஆப்ஜெக்டிவ்-சி நிரலாக மாற்றும் 'ஜே2ஆப்ஜெக்சி' என்ற கருவியை கூகுளே உருவாக்கி வெளியிட்டது. அது கணக்குப் போடும் பகுதியை, தரவைக் கையாளும் பகுதியை மாற்றும், திரையைத் தொடாது. தொடுவதில்லை என்பதை அதை உருவாக்கியவர்களே தெளிவாக எழுதி வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-ல் 'புராஜெக்ட் அஸ்டோரியா' என்ற பெயரில் ஆண்ட்ராய்டு செயலிகளை அப்படியே விண்டோஸ் போன்களில் ஓடவைக்கப்போவதாக அறிவித்தது. 2016 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே கருவியைத் தேடி ஒரு மாதத்தைச் செலவிட வேண்டாம்.

இதே வகைச் செயலிகள் மூன்றை நான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மூன்றிலும் நாள்களைத் தின்றது ஐபோனுக்கு எழுதும் ஸ்விஃப்ட் மொழியும் அல்ல, புதிய திரைகளும் அல்ல. ஆண்ட்ராய்டு கேட்காமலேயே கொடுத்துக்கொண்டிருந்த சில வசதிகளின் மேல் நிரல் சாய்ந்து நின்றிருந்தது. அவற்றை யாரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. புதிய தளத்தில் அந்தச் சாய்மானம் இல்லாதபோது ஒவ்வொன்றாக விழுந்தன. அதனால் ஐபோனுக்காக ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, ஆண்ட்ராய்டில் இருக்கும் செயலியை அதே இடத்தில் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். சொல்லைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, எழுத்துகளை எண்ணுவது, விருப்பப் பட்டியலைக் காப்பது ஆகியவை ஒரு பக்கம். திரை, அறிவிப்பு, பகிர்தல், கோப்பு இருக்கும் இடம் ஆகியவை மறுபக்கம். முதல் பக்கத்தில் 'ஆண்ட்ராய்டு' என்று தொடங்கும் எந்தத் தொகுப்பும் இறக்குமதி ஆகக் கூடாது. இந்த வேலை முடிந்ததும் ஆண்ட்ராய்டில் ஒரு புதிய பதிப்பை வெளியிட்டு, பழைய பயனர்கள் எவருக்கும் எதுவும் உடையவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

அடுத்து, எதில் எழுதுவது. உங்கள் நிலையில் நான் தேர்ந்தெடுப்பது, கோட்லின் மொழியில் எழுதிய நிரலை இரண்டு தளங்களிலும் ஓடவைக்கும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். ஜாவாவைக் கோட்லினாக மாற்றும் வசதி ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. பிரித்தெடுத்த பகுதியைக் கோட்லினாக்கி இரண்டு தளங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்; ஐபோன் திரைகளை மட்டும் ஆப்பிளின் திரை அமைக்கும் கருவியான ஸ்விஃப்ட்யுஐ-யில் தனியாக எழுதலாம். இந்தத் தொழில்நுட்பம் 2023 நவம்பரில் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் கூகுளும் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு அளித்தது. ஃப்ளட்டர் நல்ல கருவி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் ஃப்ளட்டருக்குப் போனால், ஆறு ஆண்டுகளாகப் பிழை திருத்தித் திருத்தி நிலைபெற்ற உங்கள் ஆண்ட்ராய்டு செயலியையும் சேர்த்து எழுத வேண்டிவரும், அல்லது ஒரே அகராதிக்கு இரண்டு முற்றிலும் வேறான நிரல்களைப் பராமரிக்க வேண்டிவரும். இரண்டு பேருக்கு அது பெரும் சுமை. பொதுப்பகுதியை சி++ மொழியில் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் வழியும் உண்டு. டிராப்பாக்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் அப்படிச் செய்துவிட்டு, அதைப் பராமரிப்பதற்கு ஆகும் செலவு தாங்கவில்லை என்று 2019-ல் வெளிப்படையாக எழுதிவிட்டு, இரண்டு தளங்களுக்கும் தனித்தனியாக எழுதத் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கட்டுப்படியாகாததை நீங்கள் தொட வேண்டாம்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் செயலி அகராதி. அதுவும் தமிழ் அகராதி. எழுத்துச் சரங்களை இரண்டு தளங்களும் வெவ்வேறாகப் பார்க்கின்றன.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று ஜாவாவிடம் கேளுங்கள். 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் குறிகளை அது எண்ணுகிறது. ஸ்விஃப்டிடம் அதே கேள்வியைக் கேட்டால் 3 என்று சொல்லும். த, மி, ழ் என்று நாம் பள்ளியில் எண்ணியதைப் போலவே அது எண்ணுகிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தேடிய சொல்லை மஞ்சள் நிறத்தில் காட்டும் வசதி உங்களிடம் இருந்தால், ஜாவாவைப் போலவே எண்ணும் கோட்லின் பகுதி '0 முதல் 5 வரை' என்று கொடுக்கும். ஸ்விஃப்ட் பகுதி மூன்று எழுத்துள்ள சொல்லில் ஐந்தாவது இடத்தைத் தேடும். செயலி அந்த இடத்திலேயே மூடிக்கொள்ளும். கோட்லினிலிருந்து வரும் இட எண்களை ஸ்விஃப்டின் யுடிஎஃப்-16 பார்வை (ஜாவாவைப் போலவே எண்ணும் முறை) வழியாக மட்டுமே கையாள வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தை எண்ணிக் காட்ட ஸ்விஃப்டின் கணக்கை நம்பிவிடவும் வேண்டாம்: 'க்ஷ' என்பதை அது இரண்டாக எண்ணும். நீங்கள் ஜாவாவில் எழுதி வைத்திருக்கும் எண்ணும் முறையே இரண்டு பக்கமும் ஓடட்டும்.

அடுத்தது கொம்பும் காலும். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம்; அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடலாம். திரையில் ஒரு துளி வித்தியாசமும் தெரியாது. ஜாவாவுக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஸ்விஃப்டுக்கு இரண்டும் ஒன்றே. எஸ்கியூலைட்டுக்கு மறுபடியும் இரண்டு. நான் செய்த முதல் செயலியில், தலைச்சொற்களைச் சாவியாகக் கொண்டு ஓர் அட்டவணையை ஸ்விஃப்டில் கட்டினேன். செயலி திறந்த நொடியே மூடிக்கொண்டது. ஒரே சாவி இரண்டு முறை வருகிறது என்பதே பிழைச்செய்தி. அந்தத் தலைச்சொல் 'கொடி'. தரவில் தேடிப் பார்த்தால் 'கொடி' இரண்டு வரிகளில் இருந்தது. ஒன்றின் கீழ் பதாகை என்ற பொருள், இன்னொன்றின் கீழ் படரும் செடி என்ற பொருள். வேறு வேறு விசைப்பலகை மென்பொருளில் இரண்டு பேர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அத்தனை ஆண்டுகளும் பயனர்களில் பாதிப் பேருக்கு ஒரு பொருள், மீதிப் பேருக்கு இன்னொரு பொருள் கிடைத்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. புதிய தளத்துக்குப் போகும் முயற்சி பழைய தளத்தின் பிழையைக் காட்டிக்கொடுத்த தருணம் அது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

மருந்து எளிது. தரவுத்தளத்தைக் கட்டும்போதே எல்லாச் சொற்களையும், பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பயனர் தட்டச்சு செய்யும் சொல்லையும் தேடுவதற்கு முன் அதே வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆனால் என்எஃப்சி-யாலும் தீராதது ஒன்று உண்டு: ஔகாரக் குறி இட வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் இட்டு 'கெளதமன்' என்று எழுதியிருப்பது. அது யூனிகோடின் கண்ணில் சரியான வேறொரு சொல். 'கெளரவம்', 'மெளனம்', 'பெளர்ணமி' போன்றவற்றைத் தேடிக் கையால்தான் திருத்த வேண்டும்.

தேடல் அட்டவணைக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் பரவலாகப் பயன்படுவது எஸ்கியூலைட்டின் உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ் 4. சொற்களைத் துண்டாக்க அது இயல்பாக வைத்திருக்கும் முறை மிக எளியது: ஆங்கில எழுத்து, எண், அவற்றுடன் யூனிகோட் எண் 128-உம் அதற்கு மேலும் உள்ள எல்லாக் குறிகளும் சொல்லின் பகுதி. தமிழுக்கு அது தற்செயலாகப் பொருந்திப் போயிற்று. ஐபோனில் புதிதாக எழுதுகிறோமே, புதிய எஃப்டிஎஸ் 5-ஐப் பயன்படுத்துவோம் என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதன் இயல்பு முறை யூனிகோட் வகைப்பாட்டைப் பார்க்கிறது. எழுத்தும் எண்ணும் சொல்லின் பகுதி, மற்றவை எல்லாம் சொல்லை வெட்டும் இடம். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் இல்லை. இணைகுறி என்ற வகையில் இருக்கின்றன. விளைவு என்ன? 'பாடம்' என்ற சொல் 'ப' என்றும் 'டம' என்றும் வெட்டப்படுகிறது. 'பீடம்' என்ற சொல்லும் 'ப' என்றும் 'டம' என்றும் வெட்டப்படுகிறது. பாடத்தைத் தேடியவருக்குப் பீடமும் வந்து நின்றது. 'கல்வி' என்று தேடினால் 'கலைவாணி' வந்தது. பிழைச்செய்தி எதுவும் வராது, வேகமும் குறையாது, பதில்கள் மட்டும் தவறாக இருக்கும். எந்த வகைக் குறிகள் சொல்லின் பகுதி என்று எஃப்டிஎஸ் 5-க்குச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அதில் எம்சி, எம்என் என்ற இரண்டு இணைகுறி வகைகளையும் சேர்த்துவிட்டால் இது சரியாகிவிடும். அல்லது எஃப்டிஎஸ் 4-லேயே இருங்கள். உங்கள் அளவுத் தரவுக்கு அது போதும்.

அகரவரிசை இன்னொரு பள்ளம். உங்கள் நிரலில் 'லோக்கலைஸ்டு' (LOCALIZED) என்ற சொல்லைப் போட்டு வரிசைப்படுத்தும் எஸ்கியூஎல் வரிகள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். அது எஸ்கியூலைட்டின் சொந்தச் சரக்கு இல்லை. ஆண்ட்ராய்டு அதன்மேல் ஏற்றிக் கொடுத்தது. ஐபோனில் அதே வரியை ஓட்டினால் அப்படியொரு வரிசைமுறையே கிடையாது என்று நின்றுவிடும். அதை நீக்கிவிட்டு வெறுமனே வரிசைப்படுத்தினால் யூனிகோட் எண் வரிசையில் வரும். அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கும். வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விடும். தமிழ் படித்த எவரும் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் செய்வது இதுதான்: தரவுத்தளத்தைக் கணினியில் கட்டும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் நெடுங்கணக்கின்படி எண்களாலான ஒரு வரிசைச் சாவியைக் கணக்கிட்டு, தனிப் பத்தியில் சேர்த்துவிடுவது. பிறகு எந்தத் தளமானாலும் அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால் போதும். கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது என்பதையும் அகராதிக்காரரான நீங்களே முடிவு செய்கிறீர்கள். போன் முடிவு செய்வதில்லை.

தரவுத்தளக் கோப்பிலேயே இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரு சிறு நிறுவனத்துக்காக நான் செய்த செயலி, ஐபோனைப் போல நடிக்கும், கணினியில் இருக்கும் சிமுலேட்டரில் அழகாக ஓடியது. உண்மையான ஐபோனில் இட்டதும் 'தரவுத்தளக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றது. கோப்பு இருக்கிறது, பெயர் சரி, அளவு சரி. இரண்டு நாள்கள் போயின. காரணம் இது: அந்தக் கோப்பு ஓர் ஆண்ட்ராய்டு போனிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே அது 'வால்' (WAL) எனப்படும், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் முறையில் இருந்தது, அந்த முறை கோப்பின் தலைப்பகுதியிலேயே பதிந்து நிற்கும். அப்படிப்பட்ட கோப்பைத் திறக்கும்போது, படிப்பதற்கு மட்டுமே என்றாலும், எஸ்கியூலைட் பக்கத்தில் ஒரு துணைக் கோப்பை உருவாக்கப் பார்க்கும். ஐபோனில் செயலியின் சொந்தத் தொகுப்புக்குள் எதையும் எழுத முடியாது. சிமுலேட்டரில் அது வெறும் மேக் கோப்புறை என்பதால் எழுத முடிந்தது. கணினியில் வைத்தே அந்த முறையை நீக்கி, கோப்பைச் சுருக்கி, பிறகு சேர்த்தால் தீர்ந்தது. இதே காரணத்தால், அகராதித் தரவு ஒரு கோப்பாகவும், பயனரின் விருப்பச் சொற்களும் தேடல் வரலாறும் வேறொரு கோப்பாகவும் இருக்கட்டும். முதலாவது படிக்க மட்டும். இரண்டாவது எழுதக்கூடிய கோப்புறையில். ஆண்ட்ராய்டில் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், மேலே சொன்ன பிரிக்கும் வேலையின்போதே இதையும் முடித்துவிடுங்கள். சிமுலேட்டரின் இன்னொரு ஏமாற்று: மேக் கணினி இயல்பாகக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது, ஐபோன் பார்க்கும். முதல் வாரத்திலிருந்தே கையில் ஓர் உண்மையான ஐபோன் இருக்க வேண்டும். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி தளம் தரும் வசதிகள். 'இன்றைய சொல்' என்று தினமும் காலையில் அறிவிப்பு அனுப்புவது அகராதிச் செயலிகளில் வழக்கம். ஆண்ட்ராய்டில் பின்னணியில் ஒரு வேலை எழுந்து, சொல்லைத் தேர்ந்து, அறிவிப்பைக் காட்டும். ஐபோனில் பின்னணி வேலை எப்போது ஓடும் என்பதை அமைப்பே முடிவு செய்கிறது. காலை ஏழு மணிக்கு ஓடும் என்று நம்ப முடியாது. அறிவிப்புகளை முன்கூட்டியே நாள் குறித்து வரிசையில் இட்டுவைக்கலாம். ஆனால் ஒரு செயலிக்கு ஒரு நேரத்தில் 64 அறிவிப்புகள்தான் காத்திருக்கும். அதற்கு மேல் இட்டால் காலத்தால் முந்திய 64 மட்டும் நிற்கும். ஆகவே அடுத்த 60 நாள்களுக்கான சொற்களை இட்டுவைத்து, பயனர் செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குறைந்ததை நிரப்புங்கள். இரண்டு மாதமாகத் திறக்காதவருக்கு அறிவிப்பு நின்றுபோவது சரியானதும்கூட.

ஆண்ட்ராய்டு 6 முதல், வேறொரு செயலியில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் வரும் சிறு பட்டியலிலேயே உங்கள் அகராதியின் பெயர் தெரியும்படி செய்யலாம். செய்தி படித்துக்கொண்டிருப்பவர் அங்கேயே பொருளைப் பார்த்துக்கொள்வார். ஐபோனில் அந்தப் பட்டியலில் மற்ற செயலிகளுக்கு இடமில்லை. பகிர்வுப் பலகை வழியாக ஒரு நீட்சி எழுதலாம். இரண்டு மூன்று தட்டுகள் கூடுதலாகும். நீட்சி தனிச் செயல்பாடாக ஓடுவதால் தரவுத்தளத்தைப் பொதுக் கோப்புறைக்கு மாற்ற வேண்டும். நினைவக வரம்பும் கடுமையானது, அதனால் எல்லாச் சொற்களையும் ஏற்றி வைக்கும் பழக்கம் அங்கே செல்லாது. முதல் பதிப்பில் இதை விட்டுவிடுங்கள். ஆனால் பழைய பயனர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

திரைகளைப் பற்றி இரண்டு சொற்கள். ஐபோனில் பின்செல்லும் பொத்தான் அமைப்பில் கிடையாது. எந்தத் திரையிலிருந்தும் வெளியேற நீங்களே வழி வைக்க வேண்டும். வரிசைகளுக்கு உயரத்தை எண்ணால் கட்டிப்போடாதீர்கள். ஆண்ட்ராய்டின் நோட்டோ எழுத்துருவும் ஐபோனின் தமிழ் சங்கம் எழுத்துருவும் ஒரே உயரம் கொண்டவை அல்ல. பயனர் எழுத்தின் அளவைப் பெரிதாக்கும்போது 'கூ', 'ஜூ' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும். முதியவர்கள்தான் அளவைப் பெரிதாக்குகிறார்கள். அகராதியை அதிகம் நம்புகிறவர்களும் அவர்களே.

உரிமம் பற்றிப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். விஎல்சி பிளேயர் 2010-ல் ஐபேடுக்கும் ஐபோனுக்கும் வந்தது. அது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்த மென்பொருள். ஆப் ஸ்டோரின் நிபந்தனைகள் அந்த உரிமத்துக்குப் பொருந்தவில்லை என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரே முறையிட, 2011 ஜனவரியில் ஆப்பிள் அதை நீக்கியது. பங்களிப்பாளர்களைத் தேடித் தேடி ஒப்புதல் பெற்று, மூலப்பகுதியை அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றிய பிறகு, 2013 ஜூலையில்தான் திரும்ப வந்தது. இரண்டரை ஆண்டு. உங்கள் செயலியில் இருக்கும் ஒவ்வொரு நூலகத்தின் உரிமத்தையும், அகராதித் தரவின் உரிமத்தையும் இந்த வாரமே பட்டியலிடுங்கள். சொற்பிறப்பைப் பகுக்கவோ எழுத்துப்பெயர்ப்புக்கோ எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த சிறு நிரல்தான் பெரும்பாலும் சிக்கலாகிறது.

செலவைப் பொறுத்தவரை, மேக் கணினி ஒன்று கட்டாயம். ஐபோன் செயலிகளைக் கட்டும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் வேறெதிலும் ஓடாது. ஆப்பிளின் உருவாக்குநர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர் (கூகுள் பிளேயில் நீங்கள் ஒருமுறை கட்டியது 25 டாலர்). விளம்பரத்தை நீக்கப் பணம் வாங்குவதானால், பெரும்பாலான நாடுகளில் அதை ஆப்பிளின் வழியாகத்தான் வாங்க வேண்டும். சிறு உருவாக்குநர் திட்டத்தில் சேர்ந்துகொண்டால் அவர்களின் பங்கு 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்.

காலத்துக்கு வருகிறேன். இரண்டு பேர், முழுநேரம் என்று வைத்துக்கொண்டால்: ஆண்ட்ராய்டிலேயே பிரித்து, கோட்லினாக்கி, தரவைச் சுத்தம் செய்ய ஆறு வாரம்; ஐபோன் திரைகளுக்கு ஆறு வாரம்; சோதனைக்கு நான்கு வாரம். முதல் ஆறு வாரத்தில் எவருக்கும் காட்டும்படி ஒரு திரைகூட இருக்காது. பணம் போடுபவர் யாரும் இருந்தால் அதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரங்களிலேயே சொற்பட்டியல் ஒன்றையும் தயார் செய்யுங்கள். கொடி, பாடம், பீடம், மௌனம், க்ஷணம், ஸ்ரீ, அஃது, நன்றி, பறவை, வாழை என்று ஐம்பது சொற்கள் போதும். ஒவ்வொன்றையும் தேடினால் என்ன வர வேண்டும், வரிசையில் எதற்கு முன் நிற்க வேண்டும், எத்தனை எழுத்து என்று எழுதி வைத்து, இரண்டு தளங்களிலும் தானாக ஓடும் சோதனையாக்குங்கள். இரண்டும் ஒரே விடை தரும் நாளில், சோதனைப் பதிப்புகளைப் பகிரும் ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் வழியாக வெளியாருக்குக் கொடுக்கலாம். அதில் இடும் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகிவிடும், ஆகவே அந்த நாளுக்கு முன் அவசரப்பட்டு இட வேண்டாம்.